டாலர், குரோஷன், ஷில்லிங்: ஐரோப்பிய வெள்ளிக் காசுகளுக்குப் பெயர் வந்த வழி

நீங்கள் கேட்டவை இரண்டு. பழைய பெட்டியில் கிடைத்த பெரிய வெள்ளிக் காசில் ஒரு பருத்த பெண்மணியின் முகமும் 1780 என்ற ஆண்டும் இருக்கின்றன. கடைக்காரர் அதைத் 'தாலர்' என்றார். டாலரும் இதுவும் ஒரே சொல்லா, அது ஒரு பள்ளத்தாக்கின் பெயர் என்பது நிஜமா என்பது முதல் கேள்வி. பென்னி, ஷில்லிங், குரோஷன், ரூபிள் போன்ற பெயர்களுக்கும் அப்படி நம்பத்தக்க மூலம் உண்டா என்பது அடுத்தது. இவற்றுக்குள் நீங்கள் கேட்காத மூன்றாவது ஒன்றும் இருக்கிறது: பெயரையும் ஆண்டையும் வைத்து உங்கள் காசின் வயதையும் வெள்ளியையும் சொல்லிவிடலாமா? சொல்ல முடியாது. காரணம் கடைசியில் வரும்.

பள்ளத்தாக்கு விஷயத்தில் சந்தேகமே இல்லை. இன்றைய செக் நாட்டின் வடமேற்கு மூலையில், ஜெர்மன் எல்லையை ஒட்டிய மலைப்பகுதியில் யாகிமோவ் என்ற சிற்றூர் இருக்கிறது. ஜெர்மானியர் அதை யோவாகிம்ஸ்தால், அதாவது புனித யோவாக்கிமின் பள்ளத்தாக்கு என்பார்கள். 1516 வாக்கில் அங்கே வெள்ளி கொட்டத் தொடங்கியது. நிலத்துக்குச் சொந்தக்காரர்களான ஷ்லிக் பிரபுக்கள் 1520இல் அனுமதி பெற்றுக் காசு அடித்தார்கள். ஒரு பக்கம் புனித யோவாக்கிம் நிற்பார், கூடவே ஷ்லிக் குடும்பத்துக் கேடயம். மறுபக்கம் போஹீமியாவின் (செக் பகுதியின் அன்றைய அரசு) சிங்கம், அதைச் சுற்றி அரசர் லூட்விக்கின் பெயர் லத்தீனில். எடை சுமார் 29 கிராம், அதில் சொக்க வெள்ளி ஏறக்குறைய 27 கிராம். காசின் மேல் எங்கே தேடினாலும் 'தாலர்' என்று இருக்காது. கணக்கில் அதன் பெயர் குல்டன்குரோஷன். வாங்கி விற்றவர்கள்தான் 'யோவாகிம்ஸ்தாலர்' என்றார்கள், பிறகு நாக்குக்குச் சுலபமாக 'தாலர்' என்று சுருக்கினார்கள். அவர்களில் ஷ்டெஃபான் ஷ்லிக் 1526இல் துருக்கியருக்கு எதிரான மொஹாச் போரில் மாண்டார். 1528இல் போஹீமியாவின் புதிய அரசர் முதலாம் ஃபெர்டினாண்ட் காசடிக்கும் உரிமையை அரசுக்கே எடுத்துக்கொண்டார். பெயர் மட்டும் அதற்குள் ஊரைவிட்டு வெளியே போய்விட்டது. (அதே மலையின் கனிமத்திலிருந்துதான் பிற்காலத்தில் கியூரி தம்பதியர் ரேடியம் பிரித்தார்கள். வெள்ளி தீர்ந்த ஊர்களுக்கு எல்லாம் அப்படி இரண்டாம் வாய்ப்பு கிடைப்பதில்லை.)

ஆனால் இவ்வளவு பெரிய வெள்ளிக் காசை முதலில் அடித்தவர்கள் ஷ்லிக்குகள் என்று பலர் எழுதுவது தவறு. 1486இல் ஆல்ப்ஸ் மலைநாடான டிரோலின் ஹால் நகர நாணயச்சாலையில் அந்நாட்டை ஆண்ட ஆர்ச்டியூக் சிகிஸ்முண்ட் அடித்த குல்டினர்தான் மூத்தது. அவர் நாட்டில் ஷ்வாஸ் சுரங்கத்து வெள்ளி ஏராளம், தங்கம் கிடையாது. எனவே ஒரு தங்க குல்டனுக்குச் சமமான மதிப்புள்ள, 60 குரொய்ட்சர் பெறும் வெள்ளிக் காசு ஒன்றை உண்டாக்கினார். 'குல்டன்' என்றால் பொன்னால் ஆனது என்று பொருள். முழுக்க வெள்ளியாலான காசுக்குப் பொன் என்று பெயர். நெதர்லாந்தின் கில்டரும் இதே சொல்தான். யூரோ வரும் வரை டச்சுக்காரர்கள் அதைச் சுருக்கி 'எஃப்எல்' என்று எழுதினார்கள். அது ஃபுளோரின், 1252இல் ஃபுளோரன்ஸ் நகரம் லில்லிப் பூ பொறித்து அடித்த தங்கக் காசு. ஒரே காசுக்கு வாயில் ஒரு தங்கப் பெயர், எழுத்தில் இன்னொரு தங்கப் பெயர், கையில் வெள்ளி. பெயரை நம்பி உலோகத்தைத் தீர்மானிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

இதற்கு முந்தைய காலத்தைக் கொஞ்சம் பார்த்தால்தான் குரோஷன் புரியும். 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃபிராங்க் அரசர் சார்லமேன் செய்த சீர்திருத்தத்துக்குப் பிறகு மேற்கு ஐரோப்பாவில் நடைமுறையில் ஒரே வகைக் காசுதான்: 1.7 கிராம் எடையுள்ள மெல்லிய வெள்ளித் தகடு. ஒரு பவுண்டு வெள்ளிக்கு 240 காசு. பிரான்ஸில் அது தெனியே, இங்கிலாந்தில் பென்னி, ஜெர்மனியில் ஃபென்னிக். 12 கொண்டது ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. இந்த இரண்டும் பல நூற்றாண்டுகள் கணக்கேட்டில் மட்டுமே இருந்தன. கையில் எடுத்துக் காட்ட ஷில்லிங் என்று ஒரு காசு இங்கிலாந்தில் வந்தது ஏழாம் ஹென்றி காலத்தில்தான், அதுவும் அரசரின் தலை பொறித்ததால் 'டெஸ்டூன்' என்ற பெயரில். 'டெஸ்டா' இத்தாலிய மொழியில் தலை. 1474இல் மிலான் பிரபு கலெயாட்ஸோ மரியா ஸ்ஃபோர்ஸா தன் முகத்தை அச்சு அசலாகப் பொறித்து அடித்த டெஸ்டோனே காசிலிருந்து அந்தப் பெயர் பரவியது. அதுவரை காசிலிருந்த அரச முகம் பெரும்பாலும் இரண்டு கண், ஒரு கிரீடம் என்ற பொம்மைதான். ஆளை அடையாளம் காண முடியாது.

'தெனியே' என்பது ரோமானியரின் டெனாரியஸ். இதன் மூலமும் உறுதியானது, ஏனென்றால் காசே சாட்சி சொல்கிறது. கி.மு. 211 வாக்கில் வந்த முதல் டெனாரியஸ்களில் ரோமா தேவியின் தலைக்குப் பின்னால் பத்தைக் குறிக்கும் ரோமன் எழுத்து இருக்கும்: பத்து 'ஆஸ்' செம்புக் காசுக்கு ஒன்று. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் நடுவில் மதிப்பைப் பதினாறு ஆஸாக மாற்றினார்கள். சில காசுகளில் பதினாறு என்றே பொறித்தார்கள். பெயர் பத்திலேயே நின்றுவிட்டது. கோயம்புத்தூர், கரூர் வட்டாரத்தில் புதையலாகக் கிடைக்கும் அகஸ்டஸ், டிபேரியஸ் காலத்து வெள்ளிக் காசுகள் இந்த டெனாரியஸ்தான். பிறகு இந்தச் சொல் அரபு நாட்டில் தங்க தினாராகவும், ஸ்பானிய மொழியில் பணத்தையே குறிக்கும் 'தினேரோ'வாகவும் ஆனது. ஆங்கிலேயர் பென்னியைச் சுருக்கி எழுதிய 'டி' எழுத்தும் டெனாரியஸின் முதலெழுத்துதான். 1971இல்தான் அது ஓய்ந்தது.

காலப்போக்கில் ஆளுக்கு ஆள் வெள்ளியைக் குறைத்துச் செம்பைக் கூட்டியதில் பென்னிகள் கறுத்து மெலிந்தன. வணிகம் பெருத்த ஊர்களில் மூட்டை மூட்டையாக எண்ண வேண்டியிருந்தது. 1190களில் வெனிஸ் சுமார் 2.2 கிராமில் நல்ல வெள்ளியில் 'குரோஸ்ஸோ' அடித்தது. 1266இல் பிரான்ஸின் ஒன்பதாம் லூயி 4.2 கிராமில் தூர் நகரத்துக் 'குரோ' அடித்தார். இரண்டும் 'டெனாரியஸ் குரோஸ்ஸஸ்', தடித்த டெனாரியஸ் என்பதன் சுருக்கம். 1300இல் போஹீமியாவின் இரண்டாம் வென்ஸஸ்லாஸ் குட்னா ஹோரா சுரங்கத்து வெள்ளியில் அடித்த பிராகா குரோஷன், இங்கிலாந்தின் நான்கு பென்னி குரோட், போலந்தில் இன்றும் இருக்கும் குரோஷ், துருக்கியின் குருஷ், எகிப்தின் கிர்ஷ் எல்லாம் ஒரே குடும்பம். பெயரில் தடிமன் இருந்தாலும், இவற்றில் பல இன்று மதிப்பில் மெலிந்த சில்லறைகள்.

சின்னத்தால் பெயர் பெற்றவற்றைத் தீர்ப்பது எளிது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் டிரோலின் மெரான் நகரத்தில் அடித்த காசில் இரண்டு சிலுவைகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. சிலுவை ஜெர்மனில் 'குரொய்ட்ஸ்', காசு குரொய்ட்சர். பிரான்ஸின் எக்யூ, ஸ்பெயினின் எஸ்குடோ இரண்டுக்கும் கேடயம் என்று பொருள், காசில் கேடயம் இருந்தது. ஊரால் பெயர் பெற்றவற்றுள் தாலருக்கு அடுத்து ஹெல்லர்: ஷ்வேபிஷ் ஹால் ஊரின் ஃபென்னிக். எடையால் பெயர் பெற்றது பேஸோ. ஸ்பானிய மொழியில் எடை என்றே அர்த்தம். அரசரால் பெயர் பெற்றது ரியால், 'அரசருடையது'. அரபு நாடுகளின் ரியாலும் இந்த ஸ்பானியச் சொல்தான்.

டாலர் அமெரிக்காவுக்குப் போன வழி இந்த ரியால் வழியாகத்தான். தாலர் வட ஜெர்மனியில் டாலெர் ஆகி, டச்சில் டால்டெர் ஆகி, 16ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் டாலர் ஆகிவிட்டது. ஸ்பெயின் 1497இல் மெதினா தெல் காம்போ சட்டப்படி 'மார்க்' என்ற 230 கிராம் எடை வெள்ளியிலிருந்து 67 ரியால் வெட்டியது. அதன்படி எட்டு ரியால் காசு 27.47 கிராம். தாலருக்குப் பக்கத்து எடை. ஆகவே ஆங்கிலேயர் அதற்கும் தங்களுக்குத் தெரிந்த பெயரையே வைத்து 'ஸ்பானிய டாலர்' என்றார்கள். மெக்சிகோவிலும் தென் அமெரிக்காவின் பொட்டோசியிலும் அடித்த அந்தக் காசுதான் அமெரிக்கக் குடியேற்றங்களில் புழங்கியது. 1792 சட்டம் புது டாலருக்கு 371.25 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய 24.06 கிராம் சொக்க வெள்ளி என்று வைத்தபோது, புழக்கத்தில் தேய்ந்த ஸ்பானியக் காசுகளை அளந்துதான் வைத்தார்கள். ஸ்பானியக் காசும் 1857 வரை அங்கே சட்டப்படி செல்லுபடியானது. டாலர் குறி எப்படி வந்தது என்பதில் கதைகள் நிறைய. ஸ்பானியக் காசில் உள்ள இரண்டு தூண்களும் அவற்றைச் சுற்றிய பட்டையும் என்பது அழகான கதை; பேஸோக்களுக்கான 'பி', 'எஸ்' என்ற இரண்டெழுத்துச் சுருக்கத்தை ஒன்றின்மேல் ஒன்றாக அவசரமாக எழுதியது என்பது 18ஆம் நூற்றாண்டுக் கணக்கேடுகளில் கண்ணால் பார்க்கக்கூடிய வளர்ச்சி. நான் இரண்டாவதன் பக்கம்.

தாலரின் இன்னொரு கிளை கிழக்கே போனது. 1575இல் ஹாலந்து அடிக்கத் தொடங்கிய லேவன்டால்டெர், சிங்கத் தாலர், 27.7 கிராம் எடை. ஆனால் முக்கால் பங்குதான் வெள்ளி. மாற்றுக் குறைந்த காசை உள்ளூரில் யாரும் விரும்பமாட்டார்கள், வெளிநாட்டு வணிகத்துக்கு அது லாபம். ஆகவே அது துருக்கிப் பேரரசு முழுக்கப் பரவியது. ருமேனியாவின் 'லெயு', 2026இல் யூரோ வரும் வரை பல்கேரியாவில் இருந்த 'லெவ்' இரண்டும் சிங்கம்தான். அந்த நாடுகளின் பணத்துக்கு ஹாலந்துச் சிங்கம் பெயர் கொடுத்திருக்கிறது. அரபு வணிகர்கள் அதே காசை 'அபு கல்ப்' என்றார்கள், நாயின் தகப்பன். அச்சு சரியாக விழாமல் தேய்ந்து வந்த சிங்கம் அவர்களுக்கு நாயாகத் தெரிந்திருக்கிறது. ஸ்பானியக் காசின் தூண்கள் அவர்களுக்குப் பீரங்கி.

ரஷ்யக் காசுகள் தனி வழி. 'ரூபிள்' என்பது 'ரூபித்', வெட்டு என்ற வினையோடு சேர்ந்தது. பழைய வணிக நகரமான நோவ்கொரோதில் சுமார் 200 கிராம் எடையுள்ள வெள்ளிப் பாளமே அப்போது ரூபிள். வேர்ச்சொல்லில் சண்டை இல்லை. பாளத்தை வெட்டியதால் வந்த பெயரா, இரண்டு முறை உருக்கி ஊற்றும்போது விழும் விளிம்புக் கோட்டால் வந்த பெயரா என்பதில்தான் சண்டை. 'கொபெக்' 1535இல், சிறுவனான மகனுக்காக ஆண்ட யெலேனா கிளின்ஸ்கயா காலத்தில் வந்தது. காசில் ஈட்டி பிடித்த குதிரைவீரன். ஈட்டி ரஷ்ய மொழியில் 'கொப்யோ'. வெள்ளிக் கம்பியைத் துண்டுகளாக வெட்டி, தட்டி, இரண்டு அச்சுக்கு நடுவில் வைத்து அடிப்பார்கள். ஒரு காசு 0.68 கிராம்தான், சுண்டுவிரல் நகத்தளவு, மீன் செதில் போல இருக்கும். அச்சு காசைவிடப் பெரியது என்பதால் எந்த ஒரு காசிலும் முழு எழுத்தும் விழாது. இதை வாங்குகிறவர்கள் 'பாதி அச்சுதான் இருக்கிறது, போலி' என்று திருப்பிக் கொடுப்பதுண்டு. முழு அச்சும் வட்டமாக விழுந்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

இனி உறுதியில்லாதவை. 'பென்னி'யைப் பென்டா என்ற பழைய ஆங்கில அரசரோடு சேர்ப்பது வெறும் ஒலி ஒற்றுமை. அடகு என்ற பொருள்தரும் 'ஃபண்ட்', சட்டி என்ற 'ஃபன்னே' இரண்டையும் சொல்கிறார்கள், எதையும் நிலைநாட்ட முடியவில்லை. 'ஷில்லிங்' ஒலித்தல் என்ற வேரிலிருந்தா, வெட்டுதல் என்ற வேரிலிருந்தா என்பதும் அப்படியே. வெட்டிய வெள்ளியை நிறுத்துக் கொடுத்த வழக்கம் இருந்ததால் வெட்டுதல் எனக்குச் சற்றுக் கூடுதலாகப் பொருந்துகிறது, அவ்வளவுதான் சொல்வேன். இதே 'இங்' விகுதி கொண்ட 'ஃபார்திங்' மட்டும் சிக்கலில்லாதது: நாலில் ஒன்று. பென்னியின் சிலுவைக்கோட்டில் கத்தரித்து நான்காக்கினார்கள். முதலாம் எட்வர்டு 1279க்குப் பிறகுதான் அதை வட்டக் காசாகவே அடித்தார். ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளியைக் குறிக்கும் 'ஸ்டெர்லிங்', கிழக்கிலிருந்து வந்த ஜெர்மன் வணிகர்களின் பெயர் என்பது பழைய விளக்கம். அந்தச் சொல் அவர்கள் செல்வாக்குப் பெறுவதற்கு முன்பே ஆவணங்களில் இருப்பதால் அது நிற்காது. மிச்சம் இருப்பவை இரண்டு: நார்மன் காசுகளில் இருந்த சிறு நட்சத்திரம், அல்லது திடமான என்ற பொருள்கொண்ட ஒரு பழஞ்சொல். 'ஃபிராங்க்' 1360இல் தங்கக் காசாகப் பிறந்தது; அதில் 'ஃபிராங்குகளின் அரசர்' என்று லத்தீனில் பொறித்திருந்தது, அந்த ஆண்டுதான் பிரெஞ்சு அரசர் ஜான் ஆங்கிலேயரிடமிருந்து மீட்புப் பணத்துக்கு விடுபட்டார், 'ஃபிராங்க்' என்றால் சுதந்திரம். இரண்டில் எதையும் தள்ள முடியவில்லை. வெள்ளி ஃபிராங்க் 1575இல்தான் வந்தது.

பெயர்க் கதை ஒன்று கேட்டால் நீங்களே சோதிக்கலாம். அந்தப் பெயர் எந்த ஆண்டு ஆவணத்தில் முதலில் வருகிறது, கதையில் வரும் ஆள் அல்லது நிகழ்ச்சி அதற்கு முந்தியதா பிந்தியதா என்று பாருங்கள். பாதிக் கதைகள் அங்கேயே விழுந்துவிடும். அடுத்து, அந்தச் சின்னம் அந்தக் காசில் உண்மையிலேயே இருக்கிறதா என்று படத்தை எடுத்துப் பாருங்கள்.

நம் பக்கத்தில் இந்தப் பெயர்கள் இரு திசையிலும் நடந்திருக்கின்றன. இலங்கையில் டச்சுக்காரர்கள் 48 ஸ்டைவர் என்ற சில்லறைக்கு ஒன்று என்று கணக்கு வைத்த ரிக்ஸ்டாலர், 'ரைக்ஸ்டால்டெர்', அதாவது பேரரசுத் தாலர். ஆங்கிலேயர் 1821இல் நான்காம் ஜார்ஜ் தலையும் யானையும் பொறித்து அதை வெள்ளியில் அடித்தார்கள். 1825இல் ஒன்றுக்கு ஒன்றரை ஷில்லிங் என்று கணக்கு முடித்தார்கள். தரங்கம்பாடியில் டேனியர்கள் நம் பெயர்களையே எடுத்துக்கொண்டு வெள்ளியில் 'ஃபனோ', செம்பில் 'காஸ்' என்று அடித்தார்கள், பணமும் காசும்தான்.

உங்கள் காசுக்கு வருகிறேன். நீங்கள் சொன்ன அடையாளப்படி அது ஆஸ்திரியாவை ஆண்ட அரசி மரியா தெரேசாவின் தாலர். அவர் 1780 நவம்பரில் இறந்தார். ஆனால் செங்கடல் ஓரத்திலும் எத்தியோப்பியாவிலும் வணிகர்கள் அந்த முகமும் அந்த ஆண்டும் இல்லாத காசை வாங்க மறுத்ததால், அதே ஆண்டோடு இன்றுவரை அடிக்கிறார்கள். வியன்னா மட்டுமல்ல, ரோம், லண்டன், பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், போர்க்காலத்தில் 1940-41இல் பம்பாய் நாணயச்சாலையும் அடித்தது. ஆகவே 1780 என்பது வயது அல்ல. மார்புக்குக் கீழே உள்ள எஸ்.எஃப். என்ற எழுத்துகள் குன்ஸ்புர்க் நாணயச்சாலை அதிகாரிகளான ஷேபல், ஃபாபி இருவரையும் குறிக்கும். மறு அச்சுகளிலும் அவை அப்படியே உள்ளன, அவற்றை வைத்தும் வயது சொல்ல முடியாது. எந்த ஊரில் எப்போது அடித்தது என்பது மார்பு ஊசியின் வடிவம், கழுகின் வால் இறகு போன்ற நுண்ணிய வேறுபாடுகளில் இருக்கிறது. அதற்குத் தெளிவான படமும் ஒப்பிட்டுப் பார்க்கும் பட்டியலும் வேண்டும்.

வெள்ளிதானா என்று வீட்டிலேயே பார்க்கலாம். எடை 28.07 கிராம், குறுக்களவு ஏறக்குறைய 40 மி.மீ., ஆயிரத்தில் 833 பங்கு வெள்ளி, மீதி செம்பு. 0.01 கிராம் காட்டும் மின்தராசில் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் ஓரத்திலும் படாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். தராசு சுமார் 2.75 காட்ட வேண்டும்; 28.07ஐ அதால் வகுத்தால் அடர்த்தி 10.2 வரும். 3.1 காட்டினால் உள்ளே செம்பு, 3.3 என்றால் பித்தளை. காசில் குமிழ் ஒட்டியிருந்தால் அளவு கூடிப்போகும், தட்டிவிட்டு மறுபடி பாருங்கள். சங்கிலியில் கோக்க வளையம் பற்றவைத்திருந்தால் இந்தக் கணக்கு உதவாது. பிறகு விளிம்பைச் சுற்றிப் பாருங்கள்: 'நீதியும் கருணையும்' என்ற லத்தீன் வாசகம் புடைப்பாக, கூர்மையாக இருக்க வேண்டும். எழுத்து மழுங்கி, நடுவில் ஒரு கோடு ஓடினால் அது அச்சில் அடித்தது அல்ல, வார்த்தது.

புளியும் பற்பசையும் போட்டுத் தேய்க்காதீர்கள். கறுப்பு போனால் சேகரிப்பவர்கள் தரும் விலையும் போகும். சாதாரண மறு அச்சு என்றால் வெள்ளி விலைக்குச் சற்று மேலே கிடைக்கும், அவ்வளவே. எடையையும், தண்ணீரில் வந்த அளவையும், இரண்டு பக்கமும் விளிம்பும் தெரியும் படங்களையும் போட்டால் எந்த நாணயச்சாலை என்பதைக் குறுக்கிச் சொல்லப் பார்க்கிறேன்.